நேர்முகமும் மாயமுகமும்

அந்திப் பொழுதிலே, சற்றுத் தொலைவில், ஏதோ ஒன்று நிற்கின்றது. அது நட்டு வைத்த கட்டையோ, நிற்கின்ற மனிதனோ என்று துணிய முடியவில்லை. அப்பொழுது அதனை எச்சொல்லாற் சுட்டுவது? இவ்வையத்தைத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்திலே எடுத்துக்கொண்டு, திணை துணியப்படாதவிடத்து ‘உரு’ என்று பொதுவாகச் சொல்லலாம் என விதி செய்து வைத்தார். இவ்விதியை ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக மாணவர்க்குக் கற்பித்து வருகின்றேன். இஃது இலக்கணத்திற்கு அழகு செய்யும் விதியேயன்றி, உலக வாழ்க்கையில் ஒருநாளும் பயன்படப் போவதில்லை என்றே அக்காலமெல்லாம் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் பிழையென்பது சில மாதங்களுக்கு முன், பெரியநீலாவணையிலுள்ள என் வீட்டு முன்னறையிலேயே புலனாயிற்று.

மருதமுனையைச் சேர்ந்த என் பழைய மாணவி ஒருத்தி, ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலே கணினித் துறையிற் பட்டம் பெற்றவள், கடல் கடந்த நாடொன்றிலுள்ள கொம்பனிக்கு விண்ணப்பித்திருந்தாள். வீட்டிலிருந்தபடியே கணினி வாயிலாகச் செய்யும் உத்தியோகம் அது. நேர்முகப் பரீட்சையும் கணினி வாயிலாகவே. அவள் வீட்டிலே தறியோசை ஓயாது; இணையத் தொடர்பும் நம்பத்தக்கதன்று. ஆதலின் அன்று மாலை என் முன்னறையைக் கேட்டாள். தாயாரும் உடன் வந்திருந்தார். யான் அடுத்த அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கதவு திறந்தே கிடந்தமையாற் பேச்செல்லாம் காதில் விழுந்தது.

முக்கால் மணி நேரம் தொழில் பற்றிய வினாக்கள். பிள்ளை தடையின்றி விடையிறுத்தாள். அதன்பின் நடந்ததுதான் விந்தை. தலையை இடப்பக்கம் முழுதும் திருப்புமாறு ஒரு குரல் பணித்தது. திருப்பினாள். பின்னர் வலப்பக்கம். பின்னர் கையை விரித்து முகத்தின் முன்னே மெல்ல அசைக்குமாறு சொல்லிற்று. அசைத்தாள். அதற்கு மேல், முக்காட்டின் ஓரத்தைக் காது தெரியுமளவு ஒதுக்கிக் காட்டுமாறு கேட்டனர். குரல்கள் மூன்றும் ஆடவர் குரல்கள். பெண்ணொருவர் வந்து கேட்டாற் காட்டுவேன் என்று அவள் பணிவாகச் சொன்னாள். அத்தறுவாயிலேதான் இணையமும் தளர்ந்தது போலும். “உமது உதடும் குரலும் பொருந்தவில்லை” என்றனர். சில கணங்களிற் றிரை இருண்டது. கேட்டவர் மூவருடைய முகத்தையும் அவள் இறுதிவரை கண்டிலள். அவள் பக்கம் தெரிந்தவை மூன்று கறுத்த கட்டங்களும் அவற்றின் கீழ் மூன்று பெயர்களுமே.

மூன்றாம் நாள் கடிதம் வந்தது. விண்ணப்பதாரியின் அடையாளம் தமக்குத் திருப்தி தருமாறு உறுதிப்படவில்லை என்று எழுதியிருந்தார்கள். அதனைக் கொண்டுவந்து காட்டி, “சேர், நான் நானில்லையெண்டு எழுதியிருக்காங்க” என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். தாயார் சிரிக்கவில்லை.

எனக்கு முதலிற் சினமே உண்டாயிற்று. என் முன்னறையில், என் நூலலுமாரியின் முன்னே, இரத்தமும் தசையுமாக இருந்த பிள்ளையை ‘உரு’ என்று ஐயுற்றார்களே என்று உள்ளம் கொதித்தது. ஆயினும் சினம் ஆராய்ச்சிக்குத் துணையாகாது. அவர்கள் எதற்கு அஞ்சினார்கள் என்று அறிய விரும்பி, அம்மாணவியின் உதவியோடு பல அறிக்கைகளையும் செய்திகளையும் தேடிப் படித்தேன். படித்தபின் என் சினம் முழுதும் தணியவில்லை. ஆனால் அவர்களுடைய அச்சம் வெற்றச்சமன்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஒருவர் முகத்தின்மேல் இன்னொருவர் முகத்தைக் கணினியாற் பொருத்திக் காட்டும் வித்தையை ஆங்கிலத்தில் ‘டீப்பேக்’ என்பர். அப்பெயர் 2017ஆம் ஆண்டின் இறுதியிலே வழக்கிற்கு வந்தது. ஆழ்போலி என்று தமிழ்ப்படுத்துவாரும் உளர். ஆழம் இங்கு எதற்கு என்று எனக்கு விளங்காமையால் மாயமுகம் என்றே வழங்குகின்றேன். தொடக்கத்தில் நடிகையரை இழிவுபடுத்தவும், அரசியலாளரைப் பழிக்கவும் பயன்பட்ட இவ்வித்தை, பெருந்தொற்றுக் காலத்தின் பின் உத்தியோகச் சந்தையில் நுழைந்தது. வீட்டிலிருந்து வேலை செய்யும் வழக்கம் பரவவே, வேலை கொடுப்போனும் வேலை செய்வோனும் ஒருவரையொருவர் ஒருநாளேனும் நேரிற் காணாமலே ஆண்டுக்கணக்காகப் பழகும் நிலை உண்டாயிற்று. 2022 ஜூன் மாதத்திலே அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. என்னும் புலனாய்வுத் துறை ஒரு பகிரங்க எச்சரிக்கை விடுத்தது. திருடிய அடையாள விவரங்களோடும் மாயமுகத்தோடும் சிலர் தொலைவேலைகளுக்கு விண்ணப்பிக்கின்றனர் என்றும், பேசுங்கால் உதட்டசைவு குரலோடு பொருந்துவதில்லை என்றும், இருமலும் தும்மலும் காதிற் கேட்கும்பொழுது முகத்தில் அவற்றின் குறி காணப்படவில்லை என்றும் அவ்வெச்சரிக்கை கூறிற்று. என் மாணவியின் உதட்டை அவர்கள் ஏன் நோக்கினார்கள் என்பது இதனால் விளங்கும்.

2024 ஜூலையில் நடந்தது இன்னும் வியப்பானது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலே நோபிஃபோர் என்றொரு கொம்பனி உண்டு. கணினி மோசடிக்கு இரையாகாமல் இருப்பது எங்ஙனம் என்று பிறருக்குப் பயிற்சியளிப்பதே அதன் தொழில். அக்கொம்பனி ஒருவனை நான்கு முறை வீடியோ வாயிலாக நேர்முகங்கண்டு, பின்னணி விசாரணையும் செய்து, வேலைக்கு அமர்த்தி, மடிக்கணினியையும் அனுப்பி வைத்தது. கணினி போய்ச் சேர்ந்த உடனேயே அதிற் றீய நிரல்கள் ஏற்றப்படலாயின. ஆராய்ந்தபொழுது, வந்தவன் அமெரிக்கன் ஒருவனின் திருடப்பட்ட அடையாளத்தைப் பூண்ட வட கொரியன் என்பதும், அவன் கொடுத்த புகைப்படம் செயற்கை நுண்ணறிவினாற் றிருத்தப்பட்டது என்பதும் தெரியவந்தன. பாம்பாட்டியைப் பாம்பு கடித்தாற் போன்ற இச்செய்தியை அக்கொம்பனி மறைக்காமல் தானே வெளியிட்டது. அது பாராட்டத்தக்கது. நம் நாட்டில் எத்தனை நிறுவனங்கள் அவ்வாறு செய்யும்?

வட கொரியர் ஏன் வருகின்றனர் என்ற வினா எழும். அந்நாட்டின்மீது பொருளாதாரத் தடைகள் உள. ஆதலின் அதன் கணினி வல்லுநர் வேற்றுப் பெயரில் மேனாட்டுக் கொம்பனிகளிற் சம்பளம் பெற்று அரசிற்கு அனுப்புகின்றனர். இவ்வகையால் ஆண்டொன்றுக்கு 25 கோடி முதல் 60 கோடி டொலர் வரை ஈட்டப்படுவதாக ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் குழு 2024இல் மதிப்பிட்டது. கொம்பனி அனுப்பும் மடிக்கணினி கொரியாவிற்குப் போக முடியாதன்றோ? அதற்கு அமெரிக்காவிலேயே இடைத்தரகர் வேண்டும். அரிசோனா மாநிலத்துப் பெண்ணொருத்தி இத்தகைய கணினிகளைத் தன் வீட்டில் வரிசையாக இயக்கி வைத்திருந்தாள். அவள் வீட்டிலே 90க்கு மேற்பட்ட கணினிகள் கைப்பற்றப்பட்டன. 300க்கு மேற்பட்ட கொம்பனிகள் ஏமாற்றப்பட்டிருந்தன. கைமாறிய பணம் 1 கோடி 70 இலட்சம் டொலருக்கு மேல். 2025 ஜூலையில் அவளுக்கு எட்டரை ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. இவ்வழக்கிலே மாயமுகத்தைக் காட்டிலும் திருட்டுப் பெயரே முதன்மையான கருவியாய் இருந்தது. இது பின்னர் நமக்குப் பயன்படும்.

மாயமுகம் செய்வது எத்துணைக் கடினம்? 2025 ஏப்பிரலில் பாலோ ஆல்ட்டோ நெட்வேர்க்ஸ் என்னும் பாதுகாப்புக் கொம்பனியின் ஆய்வுப் பிரிவு ஒரு சோதனை செய்தது. இத்துறையில் முன்னனுபவம் இல்லாத ஆய்வாளர் ஒருவர், பழைய கணினி ஒன்றைக் கொண்டு, நேர்முகத்துக்குப் போதுமான மாயமுகத்தை 70 நிமிடத்தில் ஆக்கிவிட்டார். நம் கூத்தர் முகவெழுத்துக்கும் உடுப்புக் கட்டுக்கும் எடுக்கும் நேரத்திலும் இது குறைவு.

இனி, இதனைக் கண்டறிவது எங்ஙனம் என்பதே பொருள். தமிழ் கற்றார்க்கு இவ்விடத்தில் நளன் கதை நினைவுக்கு வராமற் போகாது. தமயந்தியின் சுயம்வர மண்டபத்திலே தேவர் நால்வர் நளன் உருக்கொண்டு வீற்றிருக்கின்றனர். ஐவரும் ஒருவர் போலவே தோன்றுகின்றனர். அவள் மயங்கினாளில்லை. புகழேந்தியார் நளவெண்பாவிலே அவள் கண்ட குறிகளைச் சொல்கின்றார். மெய்ம்மனிதனின் கண் இமைக்கும். கால் நிலத்திற் படியும். சூடிய மாலை வாடும். தேவருக்கு இவை இல்லை. போலியிடத்துக் குறையைத் தேடாமல், மெய்யிடத்து இயல்பான தளர்ச்சியைத் தேடினாள் என்பதே இங்கு நுட்பம். உயிருள்ளது இமைக்கும், தோயும், வாடும்.

இஃது உவமைக்காகச் சொன்னதன்று. 2018இலே நியூயோர்க் மாநிலத்து அல்பனிப் பல்கலைக்கழக ஆய்வாளர் மாயமுகத்தைக் கண்டறிய வெளியிட்ட முறைகளில் ஒன்று, கண் இமைக்கின்றதா என்று பார்ப்பதே. மாயமுகத்தைக் கணினி கற்பது ஆயிரக்கணக்கான புகைப்படங்களிலிருந்து. புகைப்படத்தில் நாமெல்லாம் கண் திறந்தே இருப்போம்; மூடியிருந்தால் அப்படத்தைக் கழித்துவிடுவோம். ஆகவே கணினிக்கு இமைத்தல் என்பதொன்று உண்டென்றே தெரியாமற் போயிற்று. நளவெண்பாவைப் படித்திராத அவ்வாய்வாளர் தமயந்தியின் முதற்குறியையே வந்தடைந்தனர். ஆனால் தேவரினும் இக்காலக் கள்வர் வல்லவர். குறி வெளியான சிறிது காலத்திற்குள்ளேயே இமைக்கும் மாயமுகங்கள் வந்துவிட்டன. நோய்க்கு மருந்து கண்டவன் அம்மருந்தின் பெயரைச் சொன்ன அளவிலே நோய் தன்னைத் திருத்திக்கொள்வது போன்றது இத்துறை.

இன்று கையாளப்படும் குறிகள் வேறு. நேரில் நிகழும் மாயமுகம் ஒவ்வொரு கணமும் கண், மூக்கு, வாய், தாடை முதலிய இடங்களிற் புள்ளிகளைக் கண்டு, அவற்றின்மேல் வேற்று முகத்தைப் போர்த்துகின்றது. தலையைப் பக்கவாட்டில் முழுதும் திருப்பினாற் புள்ளிகளிற் பாதி மறைந்துவிடும். பயிற்சிக்குக் கிடைத்த படங்களும் பெரும்பாலும் நேர்முகப் படங்களே. அப்பொழுது போர்வை நழுவும். முகத்தின் முன்னே கையை அசைத்தால், எது கை எது முகம் என்ற மயக்கத்திலே விரல்கள் முகத்திற் கரையும். முகம் முடியும் எல்லையாகிய நெற்றியோரத்திலும் காதோரத்திலும் தையல் தெரியும். என் மாணவியிடம் கேட்ட மூன்றிற்கும் காரணம் இவையே. 2025 பெப்ரவரியிலே விடொக் என்னும் பாதுகாப்புக் கொம்பனியை நிறுவிய போலந்துக்காரர் ஒருவர், தம் முன்னே திரையிற் றோன்றிய விண்ணப்பதாரியை ஐயுற்று, கையை முகத்தின் முன் பிடிக்குமாறு கேட்டார். அவன் மறுத்தான், பேச்சு அத்துடன் முடிந்தது. அவ்வீடியோவை அவர் வெளியிட உலகெங்கும் பரவியது. அன்றுதொட்டு இக் கைச்சோதனை பலருக்கும் தெரிந்த மந்திரமாயிற்று. பலருக்கும் தெரிந்தது மந்திரமாகாது என்பதும் தெரிந்ததே. இன்று கைக்கு அஞ்சும் மாயமுகம் நாளை அஞ்சாது.

ஆகவே கண்ணாற் கண்டு தெளிதல் என்னும் வழி நாள்தோறும் குறுகிக்கொண்டே போகின்றது. சைவ சித்தாந்த அளவை நூல் கற்றோர் காட்சியை ஐயக்காட்சி, திரிவுக்காட்சி என்றெல்லாம் வகுத்து, பழுதையைப் பாம்பென்று காண்பதைத் திரிபென்பர். கேரள மாநிலத்துக் கோழிக்கோட்டிலே 2023 ஜூலையில் ஓய்வு பெற்ற ஒருவருக்கு, முன்பு உடன் வேலை செய்தவர் முகத்தோடு வட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது. மருத்துவச் செலவென்று கேட்டதை நம்பி 40,000 ரூபா அனுப்பினார். ஐயம் தீரும்பொருட்டே முகம் காட்டச் சொன்னார், முகம் காட்டப்பட்டது, ஐயம் தீர்ந்தது, பணமும் போயிற்று. மேலும் பணம் கேட்டபொழுதே அவர் விழித்துக்கொண்டு, உண்மை நண்பரைத் தேடிப் பேசி, பொலிசாரிடம் சென்றார். 2024இன் தொடக்கத்தில் ஹொங்கொங்கில் ஒரு கொம்பனி ஊழியர், திரையிற் கூடிய மேலதிகாரிகள் அனைவரும் மாயமுகங்கள் என்று அறியாமல் 20 கோடி ஹொங்கொங் டொலரை அனுப்பிவிட்டார். இவர்கள் மூடர் அல்லர். கண் காட்டியதை நம்பினார்கள். நாமும் அப்படித்தான் செய்திருப்போம்.

நேயர்கள் இதனை மேனாட்டார் கவலை என்று தள்ளிவிடலாகாது. ஆள்மாறாட்டம் நமக்குப் புதிதன்று. 1883ஆம் ஆண்டிலே இயற்றப்பட்ட நம் தண்டனைச் சட்டக்கோவையிலேயே ஆள்மாறாட்டத்தால் வஞ்சித்தல் தனிக் குற்றமாக வைக்கப்பட்டுள்ளது. 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டத்திலும் அக்குற்றம் இணையத்துக்கு ஏற்ப மீண்டும் எழுதப்பட்டிருக்கின்றது. பரீட்சைக் காலத்தில் ஒருவருக்காக இன்னொருவர் எழுதப் போய் அகப்பட்ட செய்தியை நம் ஆசிரியர்கள் அறியாதவர்கள் அல்லர். தமிழ்நாட்டிலே 2019 செப்டம்பரில், தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவன் ஒருவன், தனக்காக வேறொருவன் மும்பாயிலே நுழைவுப் பரீட்சை எழுதக் கல்லூரியிற் சேர்ந்தமை வெளிப்பட்டது. பரீட்சைச் சீட்டில் ஒரு முகம், வகுப்பில் ஒரு முகம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க ஒருவர் வேண்டியிருந்தார், அவ்வளவே. அங்கே மாயம் ஏதுமில்லை. பார்க்க வேண்டியவர் பாராமையே அக்கள்ளத்தின் கருவி.

இவ்விடத்தில் ஒரு சிறு விலகல். எங்கள் ஊரிற் பிறந்த கவிஞர் சின்னத்துரை நீலாவணன் என்ற பெயரில் எழுதினார். புனைபெயரும் ஒரு வேடமே. ஆயினும் அவ்வேடம் அவர் யார் என்பதை மறைக்கவில்லை. எவ்வூரார் என்பதை எழுத்துக்கு எழுத்து அறிவித்தது. பெயர் மாற்றம் எல்லாம் வஞ்சம் அன்று. இதனைச் சொல்வதற்குக் காரணம், இணைய வேலைக்காகத் தம் பெயரைச் சுருக்கி மேனாட்டார் நாவுக்கேற்ப வைத்துக்கொள்ளும் நம் பிள்ளைகளை இப்பொழுது சில கொம்பனிகள் ஐயுறுகின்றன என்பதே.

தான் யார் என்பதை மெய்ப்பிக்க வேண்டிய நிலை இக்கரையோர மக்களுக்கு வந்தது போல வேறெவர்க்கும் வந்திராது. போர்க்காலச் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையே உயிராய் இருந்தது. முகத்தை மூடிய ஒருவன், முகத்தைத் திறந்து வரிசையில் நின்றவர்களை இன்னார் என்று தலையசைத்துக் காட்டிய நாட்களை மறந்தவர் இங்கில்லை. தலையாட்டி என்ற சொல்லுக்கு எம் பகுதியிலே உள்ள பொருளை அகராதி பார்த்து அறிய முடியாது. திரையில் மூன்று கறுத்த கட்டங்கள் ஒரு பெண்ணை முகத்தைத் திருப்பு, கையை அசை என்று பணித்தன என்று கேட்டபொழுது எனக்கு அதுவே நினைவுக்கு வந்தது. இரண்டும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. நினைவு வந்ததைச் சொன்னேன்.

2004 டிசெம்பர் 26இலே கடல் எழுந்து எம்மூரையும் மருதமுனையையும் கல்முனைக் கரையையும் அழித்தது. உயிர் தப்பியவர் பலரிடம் அவர் இன்னார் என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. அன்று கல்முனை வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்ட கைக்குழந்தை ஒன்று, அங்குச் சேர்க்கப்பட்ட வரிசை எண்ணால் ‘குழந்தை 81’ என்று உலகெங்கும் பேசப்பட்டது. பெற்றோர் உரிமை கோரினர்; வேறு பலரும் கோருவதாகச் செய்தி பரவிற்று. முகச்சாயலைக் கொண்டு துணியாமல், கல்முனை நீதிமன்று மரபணுப் பரிசோதனைக்கு ஆணையிட்டது. 2005 பெப்ரவரியில் முடிவு வந்தது. குழந்தை பெற்றோரிடம் சேர்ந்தது. உண்மையான தாய் அந்த ஏழு வாரமும் ஐயத்தின் சுமையைத் தாங்க வேண்டியிருந்தது. சோதனை நியாயமானதே, அச்சுமையும் மெய்யே. என் மாணவியின் செய்தியை எண்ணுங்கால் இவ்விரண்டையும் ஒருங்கே நினைக்கின்றேன்.

அக்காலத்தில் என்னுடைய சான்றிதழ்களும் கடலோடு போயின. பிரதிகள் பெறக் கந்தோருக்குப் போனபொழுது, என்னை யானென்று மெய்ப்பித்தவை கிராம சேவகரின் கடிதமும் அயலவர் இருவரின் ஒப்பமும். கந்தோரிலே இருந்த எழுதுவினைஞரோ கடிதத்தைப் பாராமலே எழுந்து நின்றார். என்னிடம் நன்னூல் படித்தவர். முகம் தாடியும் புண்ணுமாய் இருந்தது. குரலை வைத்தே அறிந்துகொண்டதாகச் சொன்னார். ஆளை அறிதல் என்பது ஒரு கணத்துக் காட்சியன்று; பழக்கத்தின் பயன். மேலே சொன்ன கோழிக்கோட்டுக்காரரையும் இறுதியிற் காத்தது பழைய நண்பரைத் தேடிப் பிடித்த பழக்கமே.

இதனை மேனாட்டுக் கொம்பனிகளும் உணரத் தொடங்கியுள்ளன. நால்வருள் ஒரு விண்ணப்பதாரி 2028 அளவிற் போலியாக இருப்பார் என்று கார்ட்னர் என்னும் ஆய்வு நிறுவனம் 2025இற் கூறிற்று. இஃது எதிர்கூறலேயன்றிக் கணக்கன்று. அச்சம் விற்பனைக்கு உதவும் என்பதையும் மறக்கலாகாது. எனினும் அவ்வச்சத்தின் விளைவு மெய்யானது. மதுரையிற் பிறந்த சுந்தர் பிச்சை தலைமை தாங்கும் கூகிள், நேர்முகங்களில் ஒரு சுற்றையேனும் நேரில் நடத்துவதென 2025இல் முடிவு செய்தது. விடையைச் செயற்கை நுண்ணறிவு சொல்லிக் கொடுப்பதைத் தடுப்பதே அங்கு முதற் காரணம் என்றாலும், மாயமுகத்துக்கும் அதுவே மருந்து. வேறு பெருங் கொம்பனிகளும் அவ்வழியிற் செல்கின்றன.

மருந்து நல்லதே. ஆனால் யாருக்கு? பெரியநீலாவணையிலிருந்து கொழும்புக்குப் போக ஓர் இரவு முழுதும் பஸ்ஸில் இருக்க வேண்டும். இலண்டனுக்கும் சிங்கப்பூருக்கும் நேர்முகத்துக்கென்று போவது எம்பிள்ளைகளுக்குக் கனவிலும் இயலாது. தொலைவேலை என்பதே இக்கரைக்குத் திறந்த ஒரு சன்னல். தாயாரையும் தறியையும் விட்டகலாமல் உலகச் சம்பளம் பெறலாம் என்ற நம்பிக்கையோடு எத்தனை பெண்கள் கணினி கற்றிருக்கின்றனர் என்பதை வகுப்பறையில் நிற்கும் யான் அறிவேன். வட கொரியக் கள்வனுக்கு அஞ்சிச் சன்னலைச் சாத்தினால், கள்வன் வேறு வழி பார்ப்பான். சாத்தியபின் வெளியே நிற்பவள் மருதமுனைப் பிள்ளை.

சன்னலைச் சாத்தாமற் சோதிக்க முடியாதா என்றால், முடியும் என்றே எண்ணுகின்றேன். கொரியருடைய வழக்குகளை மீண்டும் நோக்குக. அவர்களைக் காட்டிக்கொடுத்தவை பெரும்பாலும் முகத்தில் இருந்த குறைகள் அல்ல. கணினி எம்முகவரிக்குப் போகின்றது, அங்கிருந்து யார் அதனை இயக்குகின்றார், பல பெயர்களின் கணினிகள் ஒரே கூரையின் கீழ் இருப்பது ஏன் என்ற கேள்விகளே. இவற்றுக்கு முக்காட்டை ஒதுக்க வேண்டுவதில்லை. மேலும், எம் நாட்டில் ஒப்பத்தை உறுதி செய்யச் சமாதான நீதவான் இருக்கின்றார்; ஊருக்கு ஊர் கிராம உத்தியோகத்தர் இருக்கின்றார்; பல்கலைக்கழகம் இருக்கின்றது. பல்கலைக்கழகம் தன் பட்டதாரியை ஓர் அறையில் இருத்தி, இவர் இன்னார், நான்காண்டு எம்மிடம் பயின்றவர் என்று தன் உத்தியோகத்தர் ஒருவரை அருகே நிறுத்திச் சொல்லுமாயின், அச்சாட்சி எந்தக் கைச்சோதனையிலும் வலிது. இதற்குப் பெருஞ்செலவும் இல்லை. ஒரு கதவும், ஒரு நல்ல இணைப்பும், பொறுப்புள்ள ஒருவருமே வேண்டும்.

கைச்சோதனை வேண்டாம் என்பதன்று என் கருத்து. வைக்கட்டும். ஆனால் எல்லாருக்கும் வைக்க வேண்டும். பெயரையும் நிறத்தையும் உச்சரிப்பையும் பார்த்துச் சிலருக்கு மட்டும் வைப்பது சோதனையாகாது. முன்கூட்டிச் சொல்லி வைக்க வேண்டும். இணையத் தளர்ச்சியால் உதடு பிந்துவதும் மாயத்தால் உதடு பிந்துவதும் ஒன்றல்ல; பிந்தினால் மறுநாள் இன்னொரு முறை அழைக்க வேண்டும். உடை பற்றிய மரபுகளை அறிந்த பெண்ணொருவரை அமர்த்துவது கொம்பனிக்குக் கடினமான செயலன்று. இவற்றுக்கெல்லாம் முன்னதாக, கேட்பவர் தம் முகத்தைக் காட்ட வேண்டும்.

இறுதியிற் சொன்னது மரியாதைக்காக மட்டும் சொன்னதன்று. உத்தியோகம் தருகின்றோம் என்று வருபவனே போலியாய் இருத்தல் நம் நாட்டில் மிகுதி. 2022 முதல், கணினி வேலை என்று நம்பித் தாய்லாந்து வழியே சென்ற இலங்கை இளைஞர் பலர், மியன்மாரின் மியாவடிப் பகுதியிலுள்ள மோசடி முகாம்களில் அடைபட்டு, உலகத்தாரை ஏமாற்றும் வேலையைச் செய்யுமாறு வதைக்கப்பட்டனர். குழுக் குழுவாக மீட்கப்பட்டு வந்தோர் கூறிய செய்திகள் பத்திரிகைகளில் வந்துள்ளன. அங்கே விண்ணப்பித்தவர் மெய், கொம்பனி பொய். கறுத்த கட்டத்தின் பின்னே இருப்பவர் யார் என்று என் மாணவியின் தாயார் கேட்டதற்கு என்னால் விடை கூற இயலவில்லை. அறியாமையினாற் கேட்ட கேள்வியன்று அது.

அக்கொம்பனிக்கு யான் ஒரு கடிதம் எழுதினேன். என் ஆங்கிலம் பழைய ஆங்கிலம். பிள்ளை திருத்தித் தந்தாள். இப்பிள்ளையை ஆறாம் வகுப்பிலிருந்து அறிவேன் என்றும், நேர்முகம் என் வீட்டிலேயே நடந்ததென்றும், வேண்டுமாயிற் சமாதான நீதவான் முன்னிலையில் மீண்டும் நடத்தலாம் என்றும் எழுதி, என் பதவியையும் முகவரியையும் குறித்து அனுப்பினேன். விடை வரவில்லை. எழுதிய பண்டிதனும் ஓர் உருவே என்று எண்ணினார்களோ, அறியேன்.

இப்பொழுது வேறொரு கொம்பனியிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்திருக்கின்றது. இம்முறை அவளே முந்திக்கொண்டு, எவ்வகைச் சோதனைகள் உள, கேட்பவர் முகம் தெரியுமா என்று எழுதிக் கேட்டாள். தெரியும் என்றும், பெண்ணொருவரும் இருப்பார் என்றும் மறுநாளே விடை வந்தது. வருகின்ற புதன்கிழமை மாலை மீண்டும் என் முன்னறையை ஒழித்துக் கொடுக்க வேண்டும். சென்ற முறை வெளிச்சம் கண்ணிற் படுகின்றதென்று கிழக்குச் சன்னலைச் சாத்தியிருந்தோம். இம்முறை அதனைத் திறந்து வைக்குமாறு சொல்லியிருக்கின்றாள். பின்னால் தென்னையும் கடலும் அசைவது தெரிய வேண்டுமாம்.